இரண்டு பரல்

மத்திய வங்கியிலிருந்து வந்த அம்மா நல்லவ.
பாசையூர்ச் சங்க மண்டபத்துப் புழுக்கத்தில்
லேஞ்சியால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து
வட்டி ஏன் ஏறியது, காசு ஏன் இளைத்தது என்று
எங்கள் தமிழிலேயே சொன்னா.

பின்வரிசையில் நீக்கிலாஸ் எழும்பினார்.
சந்தையில் மீனுக்கு விலை கூறுகிறவர்,
மண்டபத்திலும் அதே தொண்டை:
"தாள் அடிக்கிறதெண்டு முடிவெடுத்த அறையில
ஆர் ஆர் இருந்தவை?
ஆர் ஓமெண்டது, ஆர் வேண்டாமெண்டது?"

"முன்கூட்டிச் சொன்னால், ஐயா,
பெரிய கைக்காரன் விடியமுன்னம்
டொலரை அள்ளிப்போடுவான்.
உங்களுக்கு மிஞ்சுவது செதில்.
நாங்கள் வாய் மூடியிருப்பது உங்களுக்குக் காவல்."

அதில் நியாயம் இருந்தது.
அதுதான் தொல்லை.

"முன்னம் ஆர் கேட்டது, பிள்ளை?
நான் பின்னம் கேக்கிறன்.
எல்லாம் முடிஞ்சு இப்ப எத்தினை வருசம்!"

தண்ணீர்ப் போத்தலைத் திறந்தா, குடிக்காமல் மூடினா.
"குறிப்புகள் இருக்கு.
அவை உள்ளக ஆவணங்கள்."

உள்ளகம்.
அந்தச் சொல்லைக் கணக்குக் கொப்பியின் ஓரத்தில் எழுதினேன்.
கீழே, கொஞ்சம் திமிரோடு:
கரையில் அப்படியொரு அறை கிடையாது.
மீன் நிலத்தில், விலை வாயில்,
எங்கள் புத்தகத்தை எந்தப் பொடியனும் விரிக்கலாம்...

எழுதிக்கொண்டு போன கை நின்றது.

பரல்.

மண்ணெண்ணெய் வரிசை சந்தியைத் தாண்டி வளைந்த ஆனி மாதம்.
கொட்டிலில் மிச்சம் இரண்டே பரல் என்பது
எனக்கும் திறப்புக்கும் மட்டும் தெரியும்.
சொல்லியிருந்தால் அன்றிரவே அடிபாடு.
"இருக்கு, இருக்கு" என்றேன்.
ஆளுக்கு ஐந்து லீற்றர் அளந்தேன்.
பதினொரு நாள் இழுத்தது.

என் 'இருக்கு'வை நம்பித்
தன் கானை மச்சானுக்குக் கொடுத்துவிட்ட எட்வின்
பன்னிரண்டாம் நாள் கடலுக்குப் போகவில்லை.
பதின்மூன்றாம் நாளும்.
அந்தக் கிழமை அவன் மனுசியின் காப்பு
அடைவுகடையில் அறுதியாய்ப் போனது.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் றெஜினா
வெறுங்கையை மேசையில் வைத்துக் கேட்டாள்:
"ஜெசிந்தா, உனக்குத் தெரியுமோ?"
தெரியும்.
"சொல்லேல்லை?"
சொல்லேல்லை.

கை உயர்த்தச் சொல்லி எண்ணினார்கள்.
நான் போகவேண்டுமென்று பத்தொன்பது,
இருக்கட்டுமென்று இருபத்திமூன்று.
பத்தொன்பது பேரின் பெயரையும்
என் கையாலேயே நான் எழுதினேன்.
வெய்யில் பட்டு மை வெளிறிவிட்டது,
ஆனால் வாசிக்கலாம்.
றெஜினா இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை.

கூட்டம் கலைய, வான் வரைக்கும் கூடப் போனேன்.
பரல் கதையைச் சொல்லிவிட்டு மெல்லக் கேட்டேன்:
"உங்கட இடத்தில, அம்மா,
கை உயர்த்தி எண்ணுறவையோ?"

கண்ணாடியைக் கழற்றினா.
"பதினெட்டு வருசமா வேலை செய்யிறன்.
அந்த மாடிக்கு லிப்ற்
என்ர அட்டைக்குத் திறக்காது."

பிறகு, ஏதோ செய்யவேண்டும்போலிருந்ததோ என்னவோ,
சந்தைக்குள் நடந்து இரண்டு கிலோ விளைமீன் கேட்டா.
நீட்டிய ஐயாயிரத் தாளில்
மூன்று மொழியில் வங்கியின் பெயர்.
கையெழுத்து ஒரு மொழியிலும் இல்லை.
நீக்கிலாஸின் பெருவிரலிலிருந்து ஒரு செதில்
அதன்மேல் ஒட்டிக்கொண்டது.

தாளை வெயிலில் தூக்கிப் பிடித்து,
அவவுக்கு மட்டுமில்லை, கரை முழுவதற்கும்,
அவர் கூறினார்:
"ஐயாயிரம் வந்தது!
மூவாயிரத்து அறுநூறு மீனுக்கு!
மிச்சம் ஆயிரத்து நாநூறு,
எல்லாரும் பாருங்கோ, குடுக்கிறன்!"